பத்திரம் எழுதிய கை: ஜான் உல்மனின் நாட்குறிப்பில் மனச்சான்றும் பெயரின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் குடியேற்றத்தில் வாழ்ந்த குவேக்கர் ஜான் உல்மன் (1720–1772). அவர் எழுதிய நாட்குறிப்பு அடிமைமுறை எதிர்ப்பு எழுத்துகளுள் முதன்மையான ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்நூலை ஒரு தூயவரின் வாழ்க்கை வரலாறாகப் படிப்பதே பெருவழக்காக உள்ளது. இக்கட்டுரை அவ்வழக்கிலிருந்து விலகி, உல்மன் பிறருக்காக எழுதிய ஆவணங்களையும் எழுத மறுத்த ஆவணங்களையும் மையமாகக் கொண்டு நாட்குறிப்பை ஆராய்கிறது. கிரயப் பத்திரம், உயில், பிணைப் பத்திரம் ஆகிய மூன்றும் இடம்பெறும் நிகழ்வுகளில் எழுதுபவரின் மனச்சான்று நுட்பமாகப் பதிவாகிறது. ஆனால், அந்த ஆவணங்களால் வாழ்வு தீர்மானிக்கப்பட்டவர்கள் பெயரும் குரலும் இன்றியே நிற்கின்றனர். இப்பெயரின்மை நாட்குறிப்பு என்னும் வடிவத்தின் எல்லையைக் காட்டுகிறது என்பதும், உல்மனே தம் இறுதிக்காலக் காட்சி ஒன்றில் அவ்வெல்லையை அணுகினார் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஜான் உல்மன், குவேக்கர், நாட்குறிப்பு, தன்வரலாறு, அடிமைமுறை, மனச்சான்று, பெயரின்மை.

முன்னுரை

பிறர் துன்பத்தைக் கண்டு வருந்தும் ஒருவர் அவ்வருத்தத்தை எழுதும்போது, எழுத்தின் நடுவில் நிற்பவர் யார்? துன்புற்றவரா, வருந்தியவரா? தன்வரலாற்று எழுத்துகளை ஆராய்வோர் தவிர்க்க இயலாத வினா இது. இதனை எழுப்பிப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற நூல்களுள் ஒன்று ஜான் உல்மனின் நாட்குறிப்பு.

உல்மன் 1720ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் பர்லிங்டன் மாவட்டத்தில், ரான்கோகஸ் ஆற்றையொட்டிய வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்து அப்பகுதியில் குடியேறியவர். இளமையில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதும் பணியாளராகச் சேர்ந்த உல்மன், பின்னர்த் தையற்கலையைக் கற்றுத் தனிக்கடை வைத்தார். பழமரக் கன்றுகளையும் வளர்த்தார். பத்திரங்களும் உயில்களும் எழுதித் தந்தார். குவேக்கர் சமயக் கூட்டங்களில் பேசும் ஊழியராகக் குடியேற்றங்கள் பலவற்றிலும் பயணம் செய்தார். 1772இல் இங்கிலாந்து சென்றவர், அதே ஆண்டு அக்டோபரில் யார்க் நகரில் பெரியம்மை நோயால் இறந்தார்.

சார்லஸ் லாம் 1821இல் எழுதிய கட்டுரையிலும், கவிஞர் விட்டியர் 1871இல் வெளியிட்ட பதிப்பிலும் உல்மன் எளிமையின் திருவுருவாகப் போற்றப்படுகிறார். அப்போற்றுதல் தவறன்று. எனினும், அது நூலை முழுமையாகப் படிக்க விடுவதில்லை. உல்மனின் எளிமையைப் பாராட்டும் வாசகர், அவ்வெளிமைக்குக் காரணமாக இருந்த ஒரு குற்ற நினைவை எளிதில் கடந்துவிடுகிறார். அந்த நினைவு ஒரு தாளையும் எழுதுகோலையும் பற்றியது.

நாட்குறிப்பு என்னும் வடிவம்

குவேக்கர் மரபில் ‘நாட்குறிப்பு’ என்பது நாள்தோறும் எழுதப்படும் பதிவன்று. ஒருவர் தம் வாழ்வில் இறைவனின் வழிநடத்துதலை உணர்ந்த தருணங்களைப் பின்னோக்கி நினைந்து எழுதும் ஆன்மிகத் தன்வரலாறே அது. ஜார்ஜ் ஃபாக்ஸின் நாட்குறிப்பு 1694இல் அச்சேறிய பின்னர் இவ்வடிவம் அச்சமூகத்தில் நிலைபெற்றது. எழுதியவர் இறந்த பிறகு, சமயக் கூட்டத்தின் மேற்பார்வையில் திருத்தப்பட்டு நூலாக வெளிவருவது வழக்கம்.

உல்மன் தம் முப்பத்தாறாம் வயதில் இதனை எழுதத் தொடங்கினார். அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, 1774இல் பிலடெல்பியாவில் இது நூலாக வந்தது. ஒவ்வொரு மனிதருள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பதும், அதன் அசைவை அமைதியாகக் காத்திருந்து அறியவேண்டும் என்பதும் குவேக்கர்களின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே, அவ்வடிவத்தில் புறநிகழ்ச்சிகளைவிட அவை உள்ளத்தில் எழுப்பிய கலக்கமே பெரிதாகிறது. எது நடந்தது என்பதோடு, அது நடந்தபோது மனம் தெளிவாக இருந்ததா என்பதும் இவ்வடிவத்தின் கேள்வியாகிறது.

இவ்வடிவத்தின் வலிமையும் வரம்பும் இங்கேயே உள்ளன. தன்னைத் தானே ஆராயும் எழுத்து என்பதால் அது பிறர்மீது பழி சுமத்துவதில்லை. அதே காரணத்தால் பிறருக்குப் பேசும் இடத்தையும் அது எளிதில் தருவதில்லை.

உல்மனின் இயல்பை உணர அவருக்கு முன்னிருந்த பெஞ்சமின் லேயுடன் ஒப்பிடுவது உதவும். 1738இல் பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், உட்குடையப்பட்ட நூலொன்றினுள் சிவந்த பழச்சாறு நிரம்பிய பையை மறைத்து எடுத்துச் சென்ற லே, அதனை வாளால் குத்தி, அடிமைகளை வைத்திருந்தோர்மீது சாறு தெறிக்கச் செய்தார். அச்சமூகம் அவரை விலக்கியது. லேயின் எதிர்ப்பு பிறரை நோக்கியது. உல்மனின் எதிர்ப்போ தம் கையை நோக்கியே தொடங்குகிறது.

முதல் ஆவணம்: கிரயப் பத்திரம்

உல்மன் இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளில், மவுண்ட் ஹாலி வணிகரிடம் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. வணிகர் தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருவரை விற்றார். வாங்கியவர் அங்கேயே காத்திருந்தார். கிரயப் பத்திரத்தை எழுதும்படி உல்மனுக்குக் கட்டளை வந்தது. அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும் எழுதிக் கொடுத்தார்.

எழுதியதற்கு அவர் கூறும் காரணங்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. தாம் ஆண்டுக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பது ஒன்று. கட்டளையிட்டவர் முதலாளி என்பது மற்றொன்று. வாங்குபவர் வயது முதிர்ந்த குவேக்கர் என்பது இன்னொன்று. கூலி, பணிவு, சமூக மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு நல்லவரின் கையைக் கொண்டு தீமையை எழுதச் செய்கின்றன. அடிமைமுறை கொடியவர்களால் மட்டும் நடைபெறவில்லை. ஊதியம் பெறும் எழுத்தர்களாலும் நடைபெற்றது என்னும் உண்மையை இச்சில வரிகள் வெளிப்படுத்துகின்றன. தம் செயலை உல்மன் பலவீனம் என்றே குறிப்பிடுகிறார்.

பத்திரம் நிறைவேறும் வேளையில், அடிமைகளை வைத்திருப்பது கிறித்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று தாம் நம்புவதாக இருவர் முன்னிலையிலும் அவர் கூறினார். அது அவர் கலக்கத்தை ஓரளவே தணித்தது. தம்மை விட்டுவிடுமாறு கேட்டிருந்தால் மனம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று அவர் பின்னாளில் எண்ணினார். சொல்லால் மறுத்துக்கொண்டே கையால் எழுதியதை அவர் மறக்கவில்லை. சில காலத்திற்குப் பின் இளைஞர் ஒருவர் இத்தகைய பத்திரம் எழுதித் தருமாறு வேண்டியபோது அவர் மறுத்துவிட்டார்.

இந்நிகழ்வில் நால்வர் உள்ளனர்: விற்றவர், வாங்கியவர், எழுதியவர், விற்கப்பட்டவர். முதல் மூவரின் நிலையும் நமக்குத் தெரிகிறது. வாங்கியவர் முதியவர் என்பது வரை சொல்லப்படுகிறது. விற்கப்பட்ட பெண்ணின் வயது, பெயர், அவர் அந்த அறையில் நின்றாரா என்பது எதுவும் சொல்லப்படவில்லை. உல்மனின் வாழ்வைத் திருப்பிய நிகழ்வின் காரணர் அந்நிகழ்வுக்குள் காணப்படுவதில்லை.

இரண்டாம் ஆவணம்: உயில்

பிற்காலத்தில் உல்மன் உயில்கள் எழுதித் தருவதன் வழியாக வருவாய் பெற்றார். அண்டை வீட்டார் ஒருவர் உடலில் அடிபட்டு நோயுற்றபோது, அக்கால மருத்துவ முறைப்படி இரத்தம் வெளியேற்ற உல்மனை அழைத்தார். பின்னர்த் தம் உயிலையும் எழுதச் சொன்னார். தம்மிடமிருந்த இளம் அடிமை எந்தப் பிள்ளைக்கு என்பதையும் அவர் கூறினார்.

உல்மன் அப்பகுதியை மட்டும் விடுத்து உயிலை எழுதி, படுக்கையருகே சென்று படித்துக் காட்டினார். எழுதியதற்குக் கூலி வேண்டாம் என்றும், எஞ்சிய பகுதியைத் தம்மால் எழுத இயலாது என்றும் நட்புணர்வோடு சொன்னார். இருவரும் நெடிது உரையாடினர். இறுதியில் அந்த மனிதர் அடிமைப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார். உல்மன் உயிலை நிறைவு செய்தார்.

முதல் நிகழ்வில் எழுதியது குற்றம். இரண்டாம் நிகழ்வில் எழுதாமல் விட்ட இடமே அறம். உல்மனின் உத்தி கண்டனம் அன்று, காலியிடம். தாளில் விடப்பட்ட அவ்விடைவெளி நோயாளியைச் சிந்திக்க வைக்கிறது. கூலியை மறுத்ததால், முதல் நிகழ்வில் தம்மைப் பணிய வைத்த காரணங்களுள் ஒன்றையும் அவர் நீக்கிவிடுகிறார். ஆயினும் இங்கும் விடுதலை பெற்ற பெண்ணின் பெயர் இல்லை. விடுதலை இரு ஆண்களின் உரையாடலில் முடிவாகிறது.

கடை, உடை, காசு

ஆவணங்களில் தொடங்கிய இந்த விழிப்பு படிப்படியாகப் பொருள்களுக்குப் பரவியது. 1756ஆம் ஆண்டளவில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த சில்லறை வணிகத்தை உல்மன் கைவிட்டார். தையலும் தோட்டமுமே போதும் என்பது அவர் முடிவு. 1757இல் தென்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றபோது சிறு வெள்ளிக் காசுகளை மிகுதியாக எடுத்துச் சென்றார். அடிமைகளின் உழைப்பால் நடக்கும் வீடுகளில் இலவசமாக உண்டு உறங்குவது ஒடுக்குமுறையின் ஆதாயத்தில் பங்குபெறுவதே என்று அவர் கருதினார். எனவே புறப்படும்போது, அவ்வீட்டு அடிமைகளுக்குத் தருமாறு காசுகளை வீட்டாரிடம் ஒப்படைத்தார்; சில வேளைகளில் தாமே நேரில் கொடுத்தார். விருந்தோம்பலுக்கு விலை தருவது செல்வந்தர்களான விருந்தளிப்போருக்கும் அவருக்கும் ஒருசேரச் சங்கடமாக இருந்ததை நூல் மறைக்கவில்லை.

சாயமேற்றிய ஆடைகளையும் அவர் பின்னர் விலக்கினார். சாயமிடாத தொப்பியை அணியத் தொடங்கிய காலத்தில், வெண்ணிறத் தொப்பி நாகரிக விரும்பிகளிடமும் வழக்கிலிருந்தது. அதனால் அவர் புதுப்பாணியைப் பின்பற்றுகிறாரோ எனச் சிலர் ஐயுற்றனர். இச்செய்தியை உல்மனே பதிவு செய்கிறார். தம் எளிமை பிறர் கண்ணுக்கு எப்படித் திரிந்து தெரியக்கூடும் என்பதை அறிந்து எழுதும் இந்நேர்மை நூலின் சிறப்புகளுள் ஒன்று.

மூன்றாம் ஆவணம்: பிணைப் பத்திரம்

உல்மனின் தன்னாய்வு உச்சம் பெறும் இடம் 1769ஐ ஒட்டிய பகுதி. முன்னர் ஒருவரின் உயில் நிறைவேற்றுநர்களுள் ஒருவராக இருந்தபோது, கறுப்பினச் சிறுவன் ஒருவனை முப்பது வயது வரை உழைக்கும்படி விற்றதில் அவருக்கும் பங்கிருந்தது. வெள்ளையர் பிள்ளைகள் பொதுவாக இருபத்தொரு வயதில் பணியிலிருந்து விடுபடுவர். ஆகவே, நிறத்தின் காரணமாக அச்சிறுவன்மீது சுமத்தப்பட்ட கூடுதல் காலம் ஒன்பது ஆண்டுகள்.

கூட்டங்களில் அமைதியாக அமர்ந்திருக்கும்போது இந்நினைவு அவரை வருத்தியது. இறுதியில், அவ்விளைஞரின் கடைசி நாலரை ஆண்டு உழைப்புக்கு நியாயமான தொகையை வாங்கியவருக்குத் தாம் செலுத்துவதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தந்தார். நிறைவேற்றுநர் இருவர் என்பதால் ஒன்பதில் பாதி அவருடைய பங்கு எனக் கணக்கிட்டதாகக் கொள்ளலாம்.

இக்கணக்கு அவருடைய அறவுணர்வின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. மனவருத்தத்தை அவர் வெறும் உணர்ச்சியாக விட்டுவிடவில்லை. ஆண்டுகளாகவும் பணமாகவும் மாற்றித் தம்மைச் சட்டப்படி கட்டிக்கொண்டார். அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய பலரும் எட்டாத நிலை இது. ஆனால், தொகை செல்வது வாங்கியவருக்கு. இளைஞர் தம் வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ளும் நிலையில் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. இழப்பீடு கூட உடைமையின் மொழியிலேயே எழுதப்பட வேண்டியிருந்தது. கிரயப் பத்திரத்தை எழுதிய அதே கைக்கு, அதை அழிக்கவும் வேறொரு பத்திரமே தேவைப்பட்டது.

பெயர் பெற்றவர், பெயர் பெறாதவர்

மேற்கண்ட பெயரின்மையை அக்காலத்து எழுத்து மரபு என்றோ, உல்மனின் அடக்கம் என்றோ விளக்கிவிடலாம். அவ்விளக்கம் போதாது என்பதற்கு நூலுக்குள்ளேயே சான்று உண்டு. 1763இல், எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த வேளையில், உல்மன் சஸ்குவகன்னா ஆற்றங்கரையிலிருந்த வயலூசிங் என்னும் பழங்குடியினர் ஊருக்குச் சென்றார். அங்கு ஒரு கூட்டத்தில், மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுத் தம் மொழியிலேயே இறைவனை வேண்டினார். சொற்கள் புரியாவிட்டாலும் அவற்றின் ஊற்றைத் தம்மால் உணர முடிந்ததை மகிழ்வோடு அறிவித்தார் அவ்வூர்த் தலைவர் பாபுனஹாங்.

இங்குப் பெயர் உண்டு, குரல் உண்டு, உல்மனின் செயலை மதிப்பிடும் உரிமையும் மற்றவருக்கு உண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? வயலூசிங்கில் உல்மன் விருந்தினர். பாபுனஹாங் தம் ஊரில் தலைவராக நிற்கிறார். அடிமைப்படுத்தப்பட்டோரை அவர் சந்திக்கும் இடங்களிலோ வீடும் நிலமும் பேச்சும் உரிமையாளர்களுடையவை. உல்மன் தம் சமூகத்து உரிமையாளர்களின் மனத்தை மாற்றச் சென்றார். ஆகவே உரையாடலும் அவர்களோடுதான். 1754இலும் 1762இலும் வெளிவந்த அவருடைய அடிமைமுறை குறித்த கட்டுரையின் இரு பகுதிகளும் அவர்களையே நோக்குகின்றன. அம்முயற்சி பயன் தந்தது. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சமூக அலுவல்களிலிருந்து விலக்கவும், உரிமையாளர்களை நேரில் கண்டு அறிவுறுத்தவும் முடிவு செய்தது. 1776இல் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது. பயன் தந்த அதே அணுகுமுறைதான் பாதிக்கப்பட்டோரைப் பேச்சுக்கு வெளியே நிறுத்தியது.

பெயர் இறந்த கனவு

1770இல் கடும் மார்புநோயுற்ற உல்மனுக்கு ஒரு காட்சி தோன்றியது. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் தம் இறுதி நாள்களில், அதனை எழுதி வைத்தார். அக்காட்சியில் அவர் தம் பெயரையே மறந்துவிடுகிறார். மங்கிய நிறமுடைய பெருந்திரள் ஒன்றைக் காண்கிறார். அது துன்பத்தில் உழலும் மனிதர்கள் என அறிகிறார். தாமும் அவர்களோடு கலந்துவிட்டதால் இனித் தம்மைத் தனியாகக் கருத இயலாது என உணர்கிறார். ஜான் உல்மன் இறந்துவிட்டார் என்று இனிய குரல் ஒன்று அறிவிக்கிறது. பின்னர்ச் சுரங்கங்களில் கிறித்தவர்களுக்காகச் செல்வம் தோண்டும் ஏழைகள், தம்மை இவ்வாறு நடத்தச் சொன்னவர் கிறிஸ்து என்றால் அவர் கொடுங்கோலரே எனத் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கிறார்.

கிரயம், உயில், பிணை ஆகிய மூன்று நிகழ்வுகளிலும் கேட்காத குரல் இங்கே கேட்கிறது. அக்குரல் நன்றி கூறவில்லை, குற்றம் சாட்டுகிறது. உல்மனுக்கு மிகவும் அருமையான பெயரையே அது பழிக்கிறது. அதைத் திருத்தவோ மறுக்கவோ அவர் முனையவில்லை, வருந்திக் கேட்கிறார். எழுதுபவரின் பெயர் நீங்கிய இடத்தில்தான் பெயரற்றவர்கள் பேசத் தொடங்குகிறார்கள் என்பது நாட்குறிப்பின் அமைப்பு தானே தரும் விடை.

உல்மன் இக்காட்சிக்குத் தம் தன்விருப்பத்தின் இறப்பு எனப் பொருள் கொண்டார். அது குவேக்கர் மரபுக்கு இயைந்த விளக்கம். காட்சியை மீண்டும் தன்னாய்வுக்குள் கொண்டுவந்துவிடும் விளக்கமும்கூட. ஆயினும் அவர் நடத்தை அவ்விளக்கத்தைக் கடந்தது. அதன் பின்னர் வெள்ளிக் கலங்களில் பருக அவர் மறுத்தார். அவற்றைக் காணும்போது சுரங்கத்தில் உழைத்தோர் நினைவுக்கு வந்தனர்.

பதிப்பு வரலாறும் இங்குக் கருதத்தக்கது. 1774ஆம் ஆண்டுப் பதிப்பாளர் குழு உல்மனின் கனவுகள் சிலவற்றை நீக்கியது. அவற்றுள் ஒன்று, ஒரு விலங்குக்கு இரையாக்குவதற்காகக் கறுப்பின முதியவர் ஒருவர் தூக்கிலிடப்படும் கொடுங்கனவு. கும்மெர் 1922இலும் மொல்ட்டன் 1971இலும் வெளியிட்ட பதிப்புகள் வழியாகவே இத்தகைய பகுதிகள் ஆய்வாளர் கைக்கு எளிதில் கிட்டின. அமைதியான தூயவர் என்னும் உருவம் உருவானதில் இந்நீக்கங்களுக்கும் பங்குண்டு.

முடிவுரை

உல்மனின் நாட்குறிப்பு ஒரு நல்லவரின் வரலாறாக மட்டும் படிக்கப்படும்போது, அதன் வழியாக விற்கப்பட்ட பெண்ணும் சிறுவனும் அவருடைய மனமாற்றத்துக்கான கருவிகளாகிவிடுகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை என்பதால் நூலையே ஒதுக்குவதும் பொருந்தாது. அவர்கள் இருந்தனர் என்பதும், ஒரு கை எழுதியதால் அவர்கள் வாழ்வு மாறியது என்பதும் அந்நூலின் தன்குற்ற அறிக்கையாலேயே இன்று வாசகரை எட்டுகின்றன.

எனவே, தன்குற்றம் ஒப்பும் எழுத்துகளைப் படிக்கும்போது இரு நிலைகளைப் பிரித்தறிவது தேவையாகிறது. எழுதுபவர் எவ்வளவு உண்மையாக வருந்துகிறார் என்பது ஒன்று. அவ்வருத்தத்துக்குள் பாதிக்கப்பட்டவர் எந்த அளவுக்கு இடம்பெறுகிறார் என்பது மற்றொன்று. முதலாவதில் உல்மனின் நூல் மிக உயர்ந்து நிற்கிறது. இரண்டாவதில் அது பெரிதும் தவறுகிறது. கனவில் மட்டுமே அக்குறையை நெருங்குகிறது. வாழ்நாளெல்லாம் பத்திரங்களின் பொறுப்பை எண்ணி வருந்திய ஒருவர், தாம் எழுதிய முதல் பத்திரத்தில் இடம்பெற்ற பெண்ணின் பெயரைத் தம் நூலில் எழுதவில்லை. அப்பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். கிரயப் பத்திரம் எழுதியவர் அவர்தான்.